ஏழு கன்டெய்னரும் இருபது மீட்டர் கேபிளும்

இன்று பாலம் கட்டாமல் சாப்பாடு இல்லை என்று அட்மின் சபதம் செய்தார். ஆபீஸில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவர் என்பதால் வீட்டிலும் அவருக்கு அதே பெயர்தான்.

லினக்ஸில் ஓடும் அவருடைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கன்டெய்னர் என்ற பெயரில் ஏழு குட்டிக் கம்ப்யூட்டர்கள் குடியிருந்தன. ஏழுக்கும் வெளியே ஒரே விலாசம், கூட்டுக் குடித்தனம். பாலம் என்கிற நெட்வொர்க் இணைப்பைப் போட்டுவிட்டால் ஒவ்வொன்றும் நேராக ரவுட்டரிடம் போய்த் தனி விலாசம் வாங்கிக்கொள்ளும்.

இத்தனையும் நடந்தது கதவுள்ள ஒரே அறையில். மூன்று வருஷத்துக்கு முன், மனைவியின் தையல் மெஷின் ரிப்பேருக்குப் போன அன்று, அவர் ஒரு சட்டம் போட்டார்: "யார் மெஷின் உள்ள இருக்கோ, அவங்களுக்குத்தான் ரூம்." அன்றிலிருந்து அவள், திரும்பி வந்த மெஷினோடு, ஹாலில் உட்கார்ந்து இன்டர்நெட்டில் தையல் வகுப்பு எடுக்கிறாள். மாணவிகள் காலர் வெட்டக் கற்றதைவிட அவர் போடும் டிவி செய்தியைக் கேட்டதுதான் அதிகம். அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு அட்மின் வெளியே வந்தார்.

"வைஃபைல பாலம் நிக்க மாட்டேங்குதும்மா."

"ஏனாம்?"

"காத்து வழியா போனா ரவுட்டர் ஒரு ஆளைத்தான் சேர்த்துக்குது. பின்னாடி ஏழு பேர் வந்தா முகத்தைத் திருப்பிக்குது. வயர்தான் வேணும். அந்த இருபது மீட்டர் கேபிள் எங்க?"

"எங்கயோ பார்த்தேனே..."

கட்டிலுக்கடியில் தேடினார். பரண்மேல் தேடினார். செருப்பு அலமாரியைக்கூட விடவில்லை. ஒரு மீட்டர் கேபிள்தான் அகப்பட்டது.

"இது போதாதா?" என்றாள் மனைவி.

"ரவுட்டர் ஹால்ல இருக்கே!"

"அப்ப பெட்டியை ஹாலுக்குக் கொண்டாந்துடுங்க."

இவளுக்கும் மூளை வேலை செய்கிறதே என்று அவர் பெருமைப்பட்டார். பெட்டியை அவரே தூக்கினார்.

"இருங்க, மானிட்டரை நான் புடிக்கறேன்" என்று அவள் பின்னாலேயே வந்தாள். என்ன பாசம்!

பெட்டியின் சொந்த விலாசத்தைப் பாலத்துக்கு மாற்ற மறந்ததில் முதலில் நெட்வொர்க்கிலிருந்து பெட்டியே காணாமல் போனது. திருத்தினார். ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு!

"ஏழும் வந்துடுச்சு!" என்று கத்தினார்.

பதிலுக்கு அறைக்குள்ளிருந்து தையல் மெஷின் சத்தம் கேட்டது. ரவுட்டரைப் பார்த்தார். அவர் செருகிய வயருக்குப் பக்கத்தில் இன்னொரு வயர். அது சுவரோரமாக ஓடிக் கதவிடுக்கில் நுழைந்தது. பின்னாலேயே ஓடினார். அது அவள் லேப்டாப்பில் போய் முடிந்தது.

"கேபிள் எங்க இருந்துச்சு?"

"என் மெஷின் மூடிக்குள்ள. போன தடவை இதே வைஃபை தகராறுல நீங்க பொலம்பினீங்க பாருங்க, அன்னிக்கே எடுத்து வச்சேன்."

"இது என் ரூம்!"

"யார் மெஷின் உள்ள இருக்கு?"

அட்மின் ஹாலில் இருந்த தன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏழு பேருக்கும் தனித்தனி இடம் கிடைச்சுதாங்க?"

"கிடைச்சுது."

"உங்களுக்கு சோபா இருக்கு. கதவைச் சாத்திட்டுப் போங்க, கிளாஸ் நடக்குது."