ஹார்னைப் பிரித்த கரடி

ஒரு காட்டில் பஸ் வராது என்பதால், மலையாண்டி என்ற கரடி வேன் ஓட்டிப் பிழைத்து வந்தது. வேனில் கதவுக்குக் கயிறு, கண்ணாடிக்கு அட்டை. ஹார்ன் மட்டும் பக்கத்து மலை வரைக்கும் கேட்கும். வண்டியைச் சோதித்துத் தகுதிச் சான்று தரும் எஃப்.சி.க்கு முந்தின நாள் பார்த்து அந்த ஹார்னும் வாயை மூடிக்கொண்டது. ஹார்ன் அடிக்காத வண்டியை யானை இன்ஸ்பெக்டர் அங்கேயே பிடித்து வைத்துக்கொள்வார். வண்டி போனால் பிழைப்பு போச்சு. மெக்கானிக் முள்ளம்பன்றி சில்லாண்டியிடம் ஓடியது கரடி.

“புதுசு வாங்க டவுனுக்குப் போகணும்ணே. நம்மளைப் பாத்தா ஜூவுல போட்டுருவான்,” என்றது முள்ளம்பன்றி.

“அப்ப பிரி. எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துருவோம்.”

இரண்டும் உளியை வைத்து, ஹார்னைச் சுற்றியிருந்த ரிவிட் ஆணியையெல்லாம் தெறிக்க விட்டன. உள்ளே கம்பி சுற்றிய ஒரு காயில், ஒரு மெல்லிய தகடு, ஒன்றையொன்று தொடும் இரண்டு பாயின்ட். கரடி நகத்தால் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுத் தொடையைத் தட்டியது.

“கரன்ட் வந்தா காயில் தகட்டை இழுக்குது. இழுத்ததும் பாயின்ட் விலகி கரன்ட் கட்டாயிருது. தகடு திரும்பி வந்து மறுபடி தொடுது. இந்த நடுக்கம்தான்டா சத்தம்.”

“அப்புறம் ஏன் நின்னுச்சாம்?”

“பாயின்ட் ரொம்பத் தள்ளிக் கிடக்கு. பின்னால இருக்குற ஸ்க்ரூவை லேசா முறுக்கினா போதும்.”

“அது வெளியிலதானே இருக்கு. பிரிச்சிருக்கவே வேணாமேண்ணே.”

“பிரிச்சதாலதான்டா அது தெரிஞ்சுது.”

தெறித்த ரிவிட் இனி ஒட்டாது, ஹார்னைத் திரும்பப் பூட்டவும் முடியாது. அந்நேரம் பார்த்து, “வேன் எப்பக் கிளம்பும்?” என்று கேட்டுக்கொண்டே வந்தது சங்கிலி என்ற கழுதை. இரண்டும் அதை ஏற இறங்கப் பார்த்தன.

“நாளைக்கு டிக்கெட் வேணாம் தம்பி. உனக்கு முன்னாடி இடம் தர்றேன்,” என்றது கரடி. “ரொம்பவே முன்னாடி.”

மறுநாள் இன்ஸ்பெக்டர் தும்பிக்கையால் ஹார்ன் பட்டனை அமுக்கினார். கரடி கால் விரலால் ஒரு கயிற்றை இழுத்தது. பானெட்டுக்குள் கழுதையோடு அடைந்து கிடந்த முள்ளம்பன்றி நகர்ந்து, முள் கழுதையைத் தொட்டது. கழுதை அலறித் துள்ளி விலகியது. பானெட்டில் இடித்துத் திரும்பி வந்து விழுந்தது. முள் மறுபடி தொட்டது.

இன்ஸ்பெக்டர் காதை விசிறிக்கொண்டார். “சத்தம் ஓகே. நடுவுல ‘அய்யோ அம்மா’ன்னு கேக்குதே?”

“குறுக்க வர்றவன் சொல்ல வேண்டியதை வண்டியே சொல்லிருதுங்க சார்.”

பாஸ் போட்டார். இப்போது அந்தக் காட்டில் எல்லா வண்டிக்கும் அந்த மாடல்தான்.

நீதி: பிரித்துப் பார்த்தால்தான் ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று புரியும்; புரிந்தபின், அந்த வேலையைச் செய்ய ஒரு கழுதை கிடைத்தால் போதும்.