பின்வாசல் கதிரைகள்

இரண்டாவது வீட்டிலும் அதே நீலப்பூப் போட்ட கோப்பையில் தேத்தண்ணி வந்தபோதுதான் றிபா டீச்சர் கோப்பையை உற்றுப் பார்த்தாள்.

முதல் வீட்டில் அவளுடைய மாணவன் ஒருவனின் தாய் நிஹாரா நீட்டிய கோப்பையின் பிடியில் சின்னதாக ஓர் உடைவு இருந்தது. அதே உடைவு இப்போது ஜெஸீமா நீட்டிய கோப்பையிலும் இருந்தது. கோப்பை மட்டுமா? அங்கே அவளும் உசாந்தினி மிஸ்ஸும் உட்கார்ந்து எழுந்த மெத்தைக் கதிரைகள் நான்கும் இங்கே அவர்களுக்கு முன்னால் வந்து வரிசையாக நின்றன.

"எடுங்க மிஸ், கேக் எடுங்க," என்றாள் ஜெஸீமா. "நாங்க காலையில சும்மா இதத்தான் திங்கிற."

உசாந்தினி மிஸ் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு மடியில் இருந்த படிவத்தைப் பார்த்தார். அவர் மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த தொண்டு நிறுவன அதிகாரி. படிவத்தில் இரண்டு பகுதிகள். ஒன்று, பாடசாலையின் பலங்கள். மற்றது, உதவி தேவைப்படும் குடும்பங்கள். இரண்டும் நிரம்பினால்தான் ஆறு மாதத்துக்கு உலர் உணவுப் பொதி கிடைக்கும். நிரம்பாவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும். முடிவை இன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும்.

முதற்பகுதி காலையிலேயே கவிழ்ந்துவிட்டது. அதிபர் கணினி அறையைக் காட்டுகிறேன் என்று கிளம்பி, அரை மணித்தியாலம் சாவி தேடினார். கடைசியில் பூட்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே கணினியைத் தவிர எல்லாம் இருந்தது. பலங்கள் என்ற பெட்டி வெறுமையாகவே கிடந்தது.

மிஞ்சியது இரண்டாம் பகுதிதான். அதற்குத்தான் றிபா ஐந்து வீடுகளைத் தெரிவுசெய்து வைத்திருந்தாள். கடல் கொந்தளித்து அடிக்கத் தொடங்கி ஒன்றரை மாதம். தோணிகள் கரையில் ஏறிக் கிடந்தன, தகப்பன்மார் வீட்டில் கிடந்தார்கள். றிபாவின் புருசன் இன்பாசும் தோணிக்காரன்தான். பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் வந்தார்கள். காலைக்கூட்டத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்த மறுநாள், றிபா வீட்டிலிருந்து கொஞ்சம் கவ்பிப் பயறு அவித்துக்கொண்டு வந்தாள்.

"ஊட்ட மிஞ்சின. வீணாக்காமத் தின்னுங்க," என்றாள்.

ஒரு பிள்ளை ஏழு பிள்ளைகளானது. ஏழு, இருபத்துமூன்றானது. தினமும் ஒரு வாளி கவ்பி மிஞ்சுகிற வீடு கல்முனைக் கரையிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். இப்போது வாளியின் அடி தெரிந்துவிட்டது. திங்கட்கிழமைக்கு அவளிடம் ஒரு பிடிகூட இல்லை. கையை வீசிக்கொண்டு போய் அந்த இருபத்துமூன்று முகங்களையும் பார்க்க வேண்டுமே என்று நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

அவள் நிலைமை இப்படி. இங்கே ஜெஸீமா கேக் வெட்டுகிறாள்!

"மிஸ், ஒரு கோல் கதச்சிட்டு வாறன்," என்று றிபா வெளியே வந்தாள். தாய்மாரின் வட்ஸ்அப் குறூப்பில் குரலைப் பதிந்து போட்டாள்.

"எல்லாரும் கேளுங்க. ஊட்ட உள்ளபடி வெய்ங்க. ஒண்டும் சோடிக்க வேணாம். வெளங்குதா?"

உடனடியாக ஐந்து பெருவிரல்கள் வந்தன. கொஞ்சம் நிம்மதியோடு உள்ளே திரும்பினாள். ஜெஸீமா மிஸ்ஸின் காதருகே குனிந்து எதையோ சொல்லி முடித்து நிமிர்ந்துகொண்டிருந்தாள். மிஸ் படிவத்தில் ஒரு வரி எழுதினார். நிஹாரா வீட்டிலும் றிபா பிள்ளைகளோடு முற்றத்தில் நின்ற நேரம் பார்த்து இப்படித்தான் ஒரு வரி எழுதினார்.

"என்ன சொன்ன?" என்று றிபா கண்ணால் கேட்டாள்.

ஜெஸீமா கேக் தட்டை நீட்டினாள்.

மூன்றாவது வீட்டுக்குக் கதிரைகள் போவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று றிபா கணக்குப் போட்டாள். முச்சக்கர வண்டிக்காரர் மசூரின் தோளைத் தட்டினாள்.

"மசூர் காக்கா, கடற்கர ரோட்டால சுறுக்காப் போங்க."

"பள்ளம் டீச்சர். மிஸ்ஸுக்கு இடுப்பு நோகும்," என்றார் மசூர். மற்ற நாட்களில் மாட்டுக்கும் வழி விடாத மனிதர், இன்றைக்கு முட்டை ஏற்றிப்போகிறவரைப் போல ஓட்டினார்.

ஆனாலும் இவர்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்தார்கள். றம்ஸியாவின் வீட்டில் ஒரு பாயைத் தவிர ஒன்றும் இல்லை. றிபாவுக்கு வந்த சந்தோசத்தை மறைக்க முடியவில்லை.

"பாத்தீங்களா மிஸ்! குந்த ஒரு கதிரகூட இல்ல."

அவள் வாய் மூடவில்லை, பின்வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. ஜெஸீமாவின் புருசன் நான்கு கதிரைகளையும் கயிற்றால் கட்டி, கோப்பைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

"றம்ஸியா ராத்தா, இஞ்ச இறக்குறயா? இல்லாட்டி நேர நாலாவது ஊட்ட கொண்டுபோறயா?" என்று கத்திக் கேட்டவன், மிஸ்ஸைக் கண்டதும் தலைக்கவசத்தின் கண்ணாடியை இழுத்து மூடிக்கொண்டான்.

றம்ஸியா ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தாள்.

"எங்கட கதிரதான் மிஸ்," என்றாள் றம்ஸியா. "கழுவக் குடுத்திரிந்த."

உசாந்தினி மிஸ் சிரிக்கவில்லை. வந்திறங்கிய கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணி வரும்வரை பொறுமையாக இருந்தார். அந்தப் பொறுமைதான் றிபாவை இன்னும் பயப்படுத்தியது. திட்டினாலாவது பதில் சொல்லலாம்.

இனிக் குறூப்பை நம்பிப் பிரயோசனமில்லை. றிபா வேலியோரம் போய் நாலாவது வீட்டுப் பஸ்மியாவுக்கு நேரடியாகவே கோல் எடுத்தாள். நேற்று முழுக்கப் பஸ்மியா வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று அவளுடைய மகளே இன்று காலையில் சொல்லியிருந்தாள்.

"பஸ்மியா, கதிர வந்தா வரட்டும். நான் மிஸ்ஸ நேர அடுப்படிக்கித்தான் கூட்டிவாறன். பான சட்டியெல்லாம் அப்பிடியே கிடக்கட்டும். ஒண்டையும் ஒளிக்காதீங்க, ஒண்டையும் சேக்காதீங்க."

"ஓம் டீச்சர். நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க."

திரும்பி வந்தபோது றம்ஸியா மிஸ்ஸின் காதிலிருந்து நிமிர்ந்துகொண்டிருந்தாள். படிவத்தில் இன்னொரு வரி ஏறியது.

நாலாவது வீட்டில் றிபா யாருக்கும் ஸலாம் சொல்லக்கூட நிற்கவில்லை. மிஸ்ஸின் கையைப் பிடித்து நேரே அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மத்ததெல்லாத்தயும் உடுங்க மிஸ். இத உங்கட கண்ணால பாருங்க. நேத்து இந்த ஊட்ட அடுப்பே மூட்டல்ல!" என்று சொல்லிப் பானையின் மூடியைத் தூக்கினாள்.

குப்பென்று ஆவி கிளம்பி மிஸ்ஸின் மூக்குக்கண்ணாடியை மூடியது. ஆவி அடங்க, நெய்ச்சோறு தெரிந்தது. சோற்றுக்கு மேல் கஜுப் பருப்பு. கஜுவுக்கு மேல் முழுசாக ஒரு கோழி. பானையின் கழுத்தில் பக்கத்துக் கலியாண வீட்டுக்காரரின் பெயர் கொட்டை எழுத்தில் வெட்டியிருந்தது.

"நேத்து மூட்டல்லதான் மிஸ்," என்றாள் பஸ்மியா. "இண்டைக்கி மூட்டின."

அவளுடைய மகள் பானையை எட்டிப் பார்த்தாள். "உம்மா, இது நாம திங்கிறதுக்கா? திருப்பிக் குடுக்கிறதுக்கா?"

பஸ்மியா பிள்ளையின் வாயைப் பொத்தினாள். மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

றிபாவுக்குத் தாங்க முடியவில்லை. பஸ்மியாவைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"என்ட ரப்பே! என்னத்துக்குக்கா எனக்கு இந்த அநியாயத்தச் செய்யிறீங்க? பசிக்கிற புள்ளய வெச்சிக்கிட்டு என்ன வீம்பு இது? திங்கக்கிழம நான் அதுகளுக்கு என்னத்தக் குடுக்கிற?"

சொல்லிக்கொண்டே அழுதாள். பஸ்மியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கோவிக்காதீங்க டீச்சர்," என்றாள். விறுவிறென்று உள்ளே போய்விட்டாள்.

றிபா ஒரு வாளி தண்ணீர் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு, அழுததாகத் தெரியாதபடி துடைத்துக்கொண்டு போனாள். அதற்குள் பஸ்மியாவும் மிஸ்ஸின் காதில் சொல்லி முடித்திருந்தாள். போதாக்குறைக்கு, கதிரைகளை வாங்கிப்போகப் பின்வாசலில் காத்து நின்ற ஐந்தாவது வீட்டுக்காரியையும் மிஸ் அங்கேயே கூப்பிட்டு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளும் ஒன்று சொன்னாள். மிஸ் ஐந்தாவது வரியை எழுதினார்.

"அப்ப சரி டீச்சர். அஞ்சாவது வீட்டுக்குப் போகத் தேவையில்ல," என்றார்.

முடிந்தது என்று றிபா நினைத்துக்கொண்டாள். வண்டியில் ஏறி ஒரு மூலையில் ஒடுங்கினாள்.

உசாந்தினி மிஸ் படிவத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினார். காலையில் வெறுமையாகக் கிடந்த அதே பெட்டி. அதில் எழுதத் தொடங்கினார். பெட்டி நிரம்பியது. ஓரத்திலும் எழுதினார். இடம் போதாமல் பின்பக்கத்துக்கும் போனார். இவ்வளவு நீளமாக எழுத நம்மிடம் பலம் ஏது, பொய் சொன்ன கதையைத்தான் எழுதுகிறார் என்று றிபா பதறினாள்.

"மிஸ், அதுகள் பொய்க்காரர் இல்ல. மானத்துக்குப் பயந்த சனம். நான் எல்லாத்தயும் வெளங்கப்படுத்துறன்…"

"ஒண்டும் வேணாம் டீச்சர்," என்றார் மிஸ், பேனையை மூடியபடி. "நான் எல்லாரிட்டயும் ஒரு கேள்விதான் கேட்டன். இந்தப் பொதி இப்ப கட்டாயம் ஆருக்குத் தேவை எண்டு. அஞ்சு பேரும் ஒரே குடும்பத்தத்தான் சொன்னாங்க."

"ஆர் மிஸ் அது?"

றிபாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை நாளாக வீடு வீடாகத் திரிந்தும் இந்த ஐந்து வீட்டையும்விட மோசமாக ஒரு வீடு தன் கண்ணில் படவில்லையே! எந்தப் பிள்ளையின் வீடு? ஒவ்வொரு வகுப்பாக, ஒவ்வொரு வாங்குப் பலகையாக மனதுக்குள் தேடினாள். ஒருவரும் அகப்படவில்லை.

மசூர் வண்டியை முடுக்கி, பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"அந்த ஊட்டுக்கு அது கிடைக்கணும் எண்டுதான் டீச்சர் காலையிலரிந்து கதிரையெல்லாம் ஓடின. உங்கட ஊட்டுக்கு எந்த ஒழுங்கையால திருப்புற?"