டாக்டருக்கு நான் போட்ட மார்க்கு

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கொம்பும் புள்ளியும் இடம் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதி வேறு. ஆனால் சேலத்து ஆஸ்பத்திரியில் என் மானம் போன கதையை மட்டும் வீட்டில் யாரும் என்னை மறக்க விடுவதில்லை.

முட்டிவலிக்கு மருமகள்தான் மல்லசமுத்திரத்திலிருந்து கூட்டிப்போனாள். அவள் மருந்துக்கடை வரிசையில் நிற்க, நான் தனியாக டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் ஒரு பிளாஸ்டிக் முட்டியை மடக்கி நீட்டிக் காட்டினார். ஆபரேஷன் செய்தால் வலி போகும், ஆனால் குத்தவைத்து உட்காரக் கூடாது. இல்லையென்றால் மாத்திரை, பயிற்சி. வலி முழுதாகப் போகாது.

"உங்க கால்தானுங்கம்மா. சேர்ந்தே முடிவு பண்ணலாம். உங்களுக்கு எது தோது?"

குத்தவைக்காமல் நான் எப்படிப் பால் கறப்பது? எங்கள் செவலை மாடு என்னைத் தவிர யாரையும் பால் கறக்க விடாது. என் வீட்டுக்காரரை ஒருதரம் சாணிக்குழியில் உட்கார வைத்திருக்கிறது. (ஆள் தெரிந்துதான் உதைத்தது.) ஆனால் படித்தவரிடம் மாட்டுக்கதை பேசுவதா? இரண்டுக்கும் தலையாட்டி, "நீங்க பாத்துச் செய்யுங்க" என்று எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே ஒரு பெண் கையில் சிலேட்டு மாதிரி ஒரு டேப்லெட்டோடு வந்தாள். "வைத்தியத்தை முடிவு பண்றதுல நோயாளிக்கு எவ்வளவு பங்கு இருக்குன்னு அளக்கறோமுங்க. பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க. டாக்டர் உங்க விருப்பத்தைக் கேட்டாரா?"

"பத்து."

"மனசுல இருந்ததைச் சொன்னீங்களா?"

"அதுக்கும் பத்து சாமி."

கல்யாணப் பந்தியில் ரசமே வராவிட்டாலும், கைகழுவும்போது கேட்டால் "திருப்தியுங்க" என்போமே, அப்படி. குறைத்தால் டாக்டருக்குச் சம்பளம் பிடித்துவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது.

"நல்லதுங்கம்மா. என்ன முடிவு பண்ணீங்க?"

"அதை டாக்டரைத்தான் கேக்கோணும்."

காத்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்து, "பாட்டிம்மா, ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சுங்க" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண் என் கையைப் பிடித்து மறுபடி உள்ளே கூட்டிப்போனாள்.

விஷயத்தைக் கேட்ட டாக்டர், "மனசுல இருந்தது என்னங்கம்மா?" என்றார்.

"மாடுங்க."

அப்புறம் என் வாய் நிற்கவில்லை. உதையிலிருந்து சாணிக்குழி வரை சொன்னேன்.

"இதைத்தானுங்கம்மா அப்பவே கேட்டேன்" என்று சிரித்தார். ஆபரேஷனை நிறுத்தினோம். ஆமாம், அவரும் நானும்தான். இப்போதைக்குப் பயிற்சி செய்வது, குட்டை முக்காலியில் உட்கார்ந்து கறப்பது, வலி கூடினால் மறுபடி பேசுவது.

வெளியே வந்ததும் அந்தப் பெண் மறுபடி மார்க்குக் கேட்டாள். ஒன்பதுதான் போட்டேன். மாட்டின் பேரை அவர் கேட்கவேயில்லை.

இப்போதும் மருமகள், "கொழம்பு எப்படிங்கத்தை?" என்றால், "நல்லாருக்குது" என்பேன். உடனே என் வீட்டுக்காரர், "பத்துப் போட்டுட்டாளா? அப்ப அதுல உப்பே இல்ல" என்பார்.

இதில் பிழை இருந்தால் மருமகளிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்காதீர்கள். எதைக் கேட்டாலும் சரியென்று தலையாட்டிவிடுவேன்.