மிளகாய்க் காட்டுப் பட்டாளம்

"விளாத்திகுளம் பக்கம் மிளகாய்க் காட்டுல பட்டாளம் எறங்கிருக்குல்லா!"

டவுன் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் யாரிடமோ சொன்னார். நான் சிரித்தேன். கோவில்பட்டியில் இறங்கி, வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே அடியில் விரித்த பேப்பர் மட்டும்.

நான் தீப்பெட்டி ஆபீஸ் சூப்பர்வைசர். சிலர் தபால்தலை சேர்ப்பார்கள். நான் பழைய பட்டாளத்து உடுப்பும், மில்லில் உழைத்துத் தேய்ந்த காக்கிக் கால்சட்டையும் சேர்ப்பேன். அதில் ராஜா, கழுகுமலையில் மாஜி சிப்பாய் கொம்பையாவிடம் வாங்கிய இரண்டாம் உலகப்போர்க் கோட்டு. பித்தளைப் பொத்தான் ஏழு. பதிலுக்கு நான் கழற்றிக் கொடுத்தது, கல்யாணத்தன்று மைத்துனர் கோபாலசாமி கட்டிவிட்ட கைக்கடிகாரம்.

மனைவி ராதாமணியிடம் இரண்டு பொய் சொல்லியிருந்தேன். கடிகாரம் ரிப்பேரில் இருக்கிறது. உடுப்பெல்லாம் முதலாளி வீட்டுக் கழிசல், ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னார்.

"என்ன தேடுதீங்க?"

"எலி ஓடுச்சு."

"பெட்டியத் தொறந்துக்கிட்டா உள்ள போகும், எலி?"

"பூட்டு மேல ஒரு சந்தேகம்."

"எனக்கும் ரொம்ப நாளா சந்தேகந்தான். பூட்டு மேல இல்ல." ஒரு நிமிஷம் பார்த்தாள். "நாளைக்கும் அண்ணன் காட்டுல பழம் பறிப்பு இருக்கு. வாரீங்களா?"

வருவதாகச் சொல்லிவிட்டு, காலிப் பெட்டியைப் பூட்டினேன்.

மறுநாள் விளாத்திகுளத்தில், மைத்துனர் காட்டு வரப்பில் நின்றேன். வெயிலுக்கும் நெடிக்கும் சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டுத்தான் பெண்கள் மிளகாய் பறிப்பார்கள். அன்று பன்னிரண்டு பேர். பன்னிரண்டும் என் உடுப்பு. முன்வரிசையில் சொர்ணத்தாய், உலகப்போர்க் கோட்டோடு. எதிரி பார்த்திருந்தால் போர் இரண்டு வருஷம் முந்தியே முடிந்திருக்கும்.

"ஏட்டி ராதாமணி, என்ன காரியம் செஞ்சுட்ட?"

"ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னாருன்னீங்க. கொடுத்துட்டேன். முதலாளிக்குப் புண்ணியம்."

"அந்தக் கோட்டு மட்டும்..."

"மட்டும்?"

"பழசு. கிழிஞ்சிரும்."

"நல்ல கெட்டித் துணி அண்ணாச்சி," என்றாள் சொர்ணத்தாய். "பொத்தானுதான் கனம். ஏழெண்ணத்தையும் அத்துப் போட்டுட்டு ஊக்கு குத்திட்டேன்."

என் நெஞ்சில் ஏழு இடத்தில் குத்தியது.

ராதாமணி குரலைத் தாழ்த்தினாள். "கொம்பையா மக எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டா. கோட்டு ஒங்களுதுன்னா சொல்லுங்க, இப்பவே கழத்தச் சொல்லுதேன். என்ன கொடுத்து வாங்கினீங்கன்னு அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிருங்க. அந்தா, வருது."

கோபாலசாமி வந்தார். என் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, ஏதோ பேச்சு நடந்துச்சே?"

"ஒண்ணுமில்ல மச்சான். சொர்ணத்தாய்க்கு அந்தக் கோட்டு எடுப்பா இருக்குன்னு சொன்னேன்."

ராதாமணி பையிலிருந்து என் மிகப் பழைய காக்கிக் கால்சட்டையை எடுத்தாள். கால் நுனி இரண்டையும் கயிற்றால் இறுகக் கட்டினாள். இடுப்பு வழியாக மிளகாய்ப் பழத்தை நிரப்பினாள். தோளுக்கு ஒரு காலாகத் தொங்கும்படி என் கழுத்தில் மாட்டிவிட்டு, பழம் காயப்போடும் களத்துப் பக்கம் கைகாட்டினாள்.