இத்தாலி அண்ணனுக்கு ஒரு பதில்

பழவேற்காடு ஏரியில் நண்டுக்கும் இறாலுக்கும் இத்தாலிய மொழி தெரியும் என்றால், அதற்கு ஒரே காரணம் எங்கள் குப்பத்து இத்தாலி அண்ணன்தான்.

வெனிஸ் பக்கம் ஒரு மீன்பிடி ஊரில், சிப்பி அள்ளும் படகில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். கல்யாணம் ஆகவில்லை, வீட்டிலும் வேறு ஆள் கிடையாது. அதனால் வலையில் சிக்கிய மீனிடம் பேசுவார். கிளம்பாத எஞ்சினைத் திட்டுவார். கருவாடு கொத்த வரும் காக்காவிடம் நியாயம் கேட்பார். எல்லாமே இத்தாலியன். எஞ்சின் மட்டும் சில நாள் கேட்டுக்கொள்ளும்.

போன ஜனவரியில் பூநாரை பார்க்க ஓர் இத்தாலிக்காரர் வந்தார். ஓடிப்போய்ச் செய்தி சொன்னவன் நான்தான். அண்ணன் இறால் பெட்டியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் குளித்தார். முழுக்கைச் சட்டை மாட்டினார். ஷூ தேடினார், ஒரு கால்தான் கிடைத்தது. செருப்போடு கிளம்பியவர் பின்னால் குப்பமே போனது.

படகுத்துறையில் அண்ணன் மூச்சுவிடாமல் பேசினார். பாதிப் பேச்சைக் கைகளே பேசின. வந்தவர் முகம் மெல்லச் சுருங்கியது. கடைசியில் என் பக்கம் திரும்பி, இவர் பேசுவது தமிழா என்று இங்கிலீஷில் கேட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அதைக் கூட்டத்துக்கு மொழிபெயர்த்துத் தொலைத்தேன்.

மீன் விற்கும் முனியம்மா அக்காதான் முதலில் சிரித்தது. "இன்னாண்ணா, இத்தினி வருசமா எங்களுக்கு டகுல் வுட்டுனு இருந்தியா?"

அண்ணன் திரும்பித் தன் படகுக்குப் போய்விட்டார்.

நான் இத்தாலிக்காரரைத் துரத்திப் பிடித்துக் கேட்டேன். அவர் நாட்டில் பள்ளிக்கூடத்துக்கும் டிவிக்கும் ஒரு இத்தாலியன், வீட்டில் ஊருக்கு ஊர் வேறு பேச்சாம். அவர் தெற்குக் கோடிக்காரர். அண்ணன் பேசியது வடக்கே ஏதோ மீனவர் பேச்சாக இருக்கும் என்றார். அதைக் குப்பம் முழுக்கக் கத்திச் சொல்லிவிட்டு அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணா, நீ பேசுனது அசல் பாஷதானாம்."

"அது எனக்குத் தெரியாதா? படகுல எவன் பள்ளிக்கூடப் பாஷ பேசுறான்?" என்றார். "ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போது, நைனா. யாராச்சும் திருப்பி ஒரு வார்த்த பேசுவாங்கன்னு பாத்தேன். அங்கேருந்து வந்து பத்து வருசமாச்சு."

அன்றைக்கே செல்போனில் இத்தாலியன் படிக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூட இத்தாலியன்தான், அண்ணனுடையதற்கு ஆப் இல்லை. நேற்று சாயங்காலம், நாளைக்குக் காற்று எப்படி இருக்கும் என்று தட்டுத்தடுமாறி அவரிடம் கேட்டேன். முக்கால் மணி நேரம் பதில் சொன்னார்.

ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. எழுந்து வரவும் மனசில்லை.