பாச்சாங்கா, பாசாங்கா?

நான் நடந்துகொண்டிருந்தேன். ஓடிக்கொண்டிருந்தேன் என்று சவரி சொல்வான், நம்பாதீர்கள். ஒரு காலில் மட்டும் செருப்பு இருப்பவனால் ஓட முடியாது. செம்பனைத் தோட்டத்து மண்சாலை, டிசம்பர் மழை, இடுப்புவரை ஆற்றுச் சேறு. எனக்குப் பின்னால், ஒரு பாலத்துக்கு அடியில், என் நண்பன் சவரியின் கல்யாணம் மாட்டிக்கொண்டு கிடந்தது.

கல்யாணம் என்றா சொன்னேன்? படகு. அன்றைக்கு இரண்டும் ஒன்றுதான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படிவம் ஒன்றோடு, அதாவது ஏழாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன் நான். கார் கழுவியிருக்கிறேன், கோழிப்பண்ணையில் இருந்திருக்கிறேன், நியாலாஸ் பக்கம் செம்பனைக் குலை தூக்கியிருக்கிறேன். எங்கே போனாலும் "இந்த வேலை தெரியுமா?" என்று கேட்பார்கள். "தெரியும்" என்பேன். பசிக்கிறவன் வாயில் அது பொய் இல்லை. பல்லோடு சேர்ந்து முளைத்தது.

சவரி எங்கள் ஊரான பாச்சாங்கில் லோரி ஓட்டுகிறவன். புக்கிட் காத்திலில் இருந்த கிரேஸ் டீச்சரை விரும்பினான். அவள் அப்பா யாழ்ப்பாணக் குடும்பத்தவர், நில அளவை ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அவர் அங்கிள். லோரிக்காரனுக்குப் பெண்ணைக் கொடுக்க மனம் இல்லை. மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்தச் சமயத்தில் ஆற்றின் மேல்பக்கம் ஒரு கம்போங்கில், மலாய்க் கிராமத்தில், தகரக்கூரை போட்ட பழைய மரப்படகு ஒன்றை வாங்கி வைத்திருந்தார்.

"தம்பி, கிறிஸ்மஸுக்கு முதல் படகைக் கொண்டுவந்து ஆறு கடல்ல சேருற வாசல்ல கட்டும். அதுக்குப் பிறகு மற்றக் கதையைக் கதைப்பம்" என்றார்.

சவரி நேராக என்னிடம் வந்தான். துறைமுகத்தில் கப்பல் வேலை பார்த்தவன் என்று நானே பல தடவை அளந்திருக்கிறேன். (பார்த்தது உண்மை. கட்டிப்போட்ட கப்பலில் இருந்து மூன்று நாள் வெங்காய மூட்டை இறக்கினேன்.) ரொட்டிச் சானாய் போடும் லோகாவையும் சமையலுக்குச் சேர்த்துக்கொண்டோம்.

கிளம்பும் காலையில் அங்கிள் ஆறு பக்கம் டைப் அடித்த காகிதத்தை என் கையில் கொடுத்தார். முழுக்க ஆங்கிலம். நடுநடுவே மணியும் நிமிஷமும் கட்டம் கட்டமாக இருந்தன.

"வாசிச்சு விளங்கினதோ?"

"எல்லாம் தலையில ஏறிடுச்சு அங்கிள்."

ஏறவில்லை. இரண்டாம் நாள் மழையில் அடுப்பு பிடிக்காதபோது அந்த ஆறு பக்கமும் ஒவ்வொன்றாக அடுப்பில் ஏறின.

படகில் எங்கள் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். அரை நாளில் போகிற தூரத்தை மூன்று நாளாகப் போனோம். என்ஜின் பத்து நிமிஷம் ஓடும், இருபது நிமிஷம் யோசிக்கும். விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒருவன் பெயிண்ட் டின்னால் தண்ணீரை அள்ளி வெளியே கொட்டவேண்டும். தகரக்கூரையில் இருந்த ஓட்டைகள் எங்கள் மூன்று பேர் படுக்கைக்கும் அளவெடுத்துப் போட்டவை. காலையில் மேகி, மதியம் சோறும் சார்டின் சம்பலும், மாலையில் மீதிச் சம்பலோடு மேகி. குளிக்கத் தனியாக இறங்கவேண்டிய தேவையே வரவில்லை. ஒருநாள் உடும்பு ஒன்று ஏறி வந்து எங்கள் சோற்றுப் பானையை மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப ஆற்றில் குதித்தது.

"லோகா, உன் சமையலுக்கு முதல் கஸ்டமர்டா, அதுவும் ஓடிப்போச்சு" என்றான் சவரி.

"கேப்டன் மூஞ்சியப் பார்த்துதான் ஓடுச்சு லா."

கேப்டன் நான்தான். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் காலை தாழ்வான பாலம் ஒன்று வந்தது. அதன் அடியில் குடிதண்ணீர்க் குழாய் ஒன்று குறுக்கே போயிற்று. கூரைக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. அதைவிட முக்கியம், பாலத்துக்குக் கீழே மழை இல்லை. மூன்று நாளில் நாங்கள் பார்த்த முதல் காய்ந்த இடம். "இங்கேயே கட்டுடா" என்று உத்தரவு போட்டேன். துணி காயப்போட்டோம். லோகா வெங்காயம் நறுக்கினான்.

எதிர்க்கரையில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். "பாச்சாங்!" என்று சவரி கத்தினான். அவர் காதில் கையை வைத்தார். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது. விட்டுவிட்டோம்.

சாப்பிட்டு முடித்துக் கண்ணைச் சொருகும் நேரம், எதிர்க்கரைப் பாக்சிக், அந்தப் பெரியவர், தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். தண்ணீரைக் காட்டி, இரண்டு கையையும் உயர்த்தி, "பாசாங்! பாசாங்!" என்று கத்தினார்.

மலாயில் பாசாங் என்றால் ஆறு ஏறுகிறது, கடல் உள்ளே வருகிறது என்று அர்த்தம். எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியாத வார்த்தை இல்லை. ஆனால் காலையில் ஊர்ப்பெயரைக் கேட்டவர் இப்போதுதான் அதைப் பிடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டோம்.

"பாவம்டா, இன்னும் அதையே கேட்டுக்கிட்டு இருக்காரு" என்றான் லோகா.

மூன்று பேரும் எழுந்து நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, ஒரே குரலில், "பாச்சாங்! பாச்சாங்!" என்று கத்தினோம்.

அவர் முகம் மலர்ந்தது. விஷயம் தெரிந்த ஆட்கள் என்று நிம்மதியாக ஒரு சலாம் வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்களும் திருப்தியாகப் படுத்தோம்.

எழுப்பியது ஒரு சத்தம். ஆணியைத் தகரத்தில் இழுப்பதுபோல நீளமாக. கண்ணைத் திறந்தேன். என் தலைக்கு மேலிருந்த கூரை உள்பக்கமாகக் குழிந்து என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. கூரைக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு பல்லி புக இடமில்லை. ஆறு எங்களைக் கீழிருந்து தூக்கிப் பாலத்தோடு வைத்து நசுக்கிக்கொண்டிருந்தது. மற்ற இருவரையும் காலால் உதைத்து எழுப்பினேன்.

"என்ஜினப் போடு!" என்றான் சவரி. போட்டேன். படகு அசையவில்லை, அலறியது.

"பாரத்த ஏத்துங்க, படகு கீழ போகும்!" என்றேன். கேப்டன் அல்லவா! மூன்று நாளாக வெளியே கொட்டிய தண்ணீரை இப்போது மூன்று பேரும் உள்ளே மொண்டு ஊற்றினோம். லோகா சம்பல் சட்டியால் ஊற்றினான். படகு இரண்டு விரல் இறங்கியது. ஆறு நான்கு விரல் ஏறியது. அடுத்த நிமிஷம் படகு விளிம்பு தண்ணீருக்குள் போனது. அதற்குப் பிறகு யாரும் ஊற்றவேண்டிய அவசியம் இருக்கவில்லை, ஆறே ஊற்றிக்கொண்டது. என்ஜின் ஒரு ஏப்பம் விட்டு நின்றது. கூரைக் கம்பி வளைந்து குழாயைக் கவ்வியது. அரிசி மூட்டை, அடுப்பு, என் ஒரு செருப்பு எல்லாம் கடலுக்கு எதிர்த்திசையில் மிதந்து போயின. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

"டேய்... அவர் பாச்சாங்னு சொல்லல."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கழுத்துவரை தண்ணீர். அடுப்பில் எரித்த கட்டங்களில் இருந்தது கடல் ஏறும் நேரம் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

கரையேறியதும் சவரி கைப்பேசியை உதறி அங்கிளைக் கூப்பிட்டான். "வர்றாராம்" என்றான். பிறகு படகுக் கயிற்றின் நுனியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தான். "அத்துக்கிட்டுப் போயிட்டா கிரேஸும் போச்சுடா மணியம்."

லோகா மாமா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினான். நான் உதவிக்கு ஆள் கூட்டிவருகிறேன் என்றேன். அங்கிள் முகத்தில் முழிக்க எனக்குத் தைரியம் இல்லை. இப்படித்தான் நான் அந்த மண்சாலையில் நடந்துகொண்டிருந்தேன்.

பக்கத்துப் பெக்கானில், அந்தச் சின்ன டவுனில், மூடிய கடை ஒன்றின் ஐந்தடி நடைபாதையில் அட்டைப் பெட்டி விரித்துத் தூங்கினேன். அது எனக்குப் பழக்கம். காலையில் ஒரு லோரி வந்து நின்றது. உள்ளேயிருந்த தமிழ்க் கங்காணி தலையை நீட்டினார்.

"ஒரு நாள் வேலை தம்பி. இரும்பு அறுக்கத் தெரியுமா?"

"தெரியும்ணே."

மஞ்சள் சட்டை, தொப்பி, ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கொடுத்தார். பூட்ஸ் கிடைத்த சந்தோஷத்தில் எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை. வழியில் அவரே சொன்னார்: "எவனோ மூளை கெட்டவனுங்க, பாலத்துத் தண்ணிக் குழாய்ல படகக் கொண்டுபோய் மாட்டியிருக்கானுங்க. குழாய் ஒடைஞ்சா மூணு கம்போங்குக்குத் தண்ணி இல்ல."

லோரியில் இருந்து குதிக்கலாமா என்று பார்த்தேன். வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஆறு வடிந்திருந்தது. படகு வடியவில்லை, பாதி சேற்றிலும் பாதி குழாயிலும் தொங்கியது. சவரி நான் விட்டுப்போன இடத்திலேயே உட்கார்ந்திருந்தான், இடுப்பில் கயிறு, உதடு நீலம். பக்கத்தில் குடை பிடித்தபடி அங்கிள். அவர் சட்டையும் நனைந்திருந்தது. குடை சவரியின் தலைக்கு மேல் இருந்தது.

"படகை நீர் காப்பாத்தேல்லை, தம்பி" என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆனால் விட்டுட்டும் போகேல்லை. எனக்கு அது காணும். எழும்பும், கிரேஸ் தேத்தண்ணி போட்டு வச்சிருக்கிறாள்."

சவரி எழுந்திருக்கப் பார்த்து, கால் மரத்து, திரும்பவும் சேற்றில் விழுந்து அழுதான். நான் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு நழுவினேன்.

"அங்க மஞ்சள் சட்டை. நில்லும். நீர் ஆர்?"

"கான்டிராக்டர் ஆளுங்க, அங்கிள்."

அங்கிள் என்று சொல்லியிருக்கக் கூடாது. அவர் என்னை மேலிருந்து பூட்ஸ்வரை அளந்தார். நில அளவைக்காரர் அளந்தால் அங்குலம் தப்பாது.

"கப்பல்ல வேலை செய்தனீர் எண்டு சொன்னது நீர்தானே?"

"ஆமா அங்கிள்."

"அப்ப ஏறும். ஏறி வெட்டும்."

ஏறினேன். குழாயைக் கவ்விய கூரைக் கம்பியை மாலை ஐந்து மணிவரை அறுத்தேன். சவரிக்கும் கிரேஸுக்கும் இப்போது இரண்டு பிள்ளைகள். அவர்கள் வீட்டு விருந்தில் புது ஆள் யார் வந்தாலும் அங்கிள் என் தோளில் கைபோட்டு ஒரே மாதிரிதான் அறிமுகம் செய்து வைப்பார்: "எங்கட படகைச் செருகினதும் இவர்தான், வெட்டினதும் இவர்தான். செருகினதுக்கு நான் ஒண்டும் குடுக்கேல்லை. வெட்டினதுக்கு இவருக்குச் சம்பளமும் பூட்ஸும் கிடைச்சது."