வேப்பிலை கட்டித் தூங்கிய மனிதர்

பகல் தூக்கத்துக்காக மாரியாத்தாளையே வாசலில் வாட்ச்மேனாக நிற்க வைத்த மனிதர் உலகத்தில் ஒருத்தர்தான் இருந்திருப்பார். அந்த ஒருத்தர் எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தார். அவருக்கும் அப்பா அம்மா ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். சென்னீர்குப்பத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. எல்லோருக்கும் அவர் வேப்பிலையார்.

அறுபதுகளில் கல்யாணமாகி நான் அந்தத் தெருவுக்குப் போனேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த சமயம். போன வருஷம்வரை நாற்று நட்டவர்கள் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஷிப்டுக்குப் போனார்கள். வேப்பிலையார் ஒரு கம்பெனியில் ராத்திரி வாட்ச்மேன். காலையில் வருவார், கோவிந்தன் கடையில் ஒரு டீ குடிப்பார், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துவார். சாயங்காலம்வரை தூங்கவேண்டும் என்பது அவர் ஆசை. எங்கள் தெரு விட்டால்தானே? உப்புக்காரன், கோலமாவுக்காரி, பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவன், கோயில் வசூல், கட்சி வசூல், மாங்காட்டுச் சொந்தக்காரர்கள் என்று நாள் பூரா யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனிதர் ஒரு நாள் வேப்பங்கொத்து ஒன்றை ஒடித்து வந்து வாசல் நிலையில் செருகிவிட்டார்.

அதற்கு அர்த்தம் தெரியாத ஆள் அந்தப் பக்கத்தில் கிடையாது. வீட்டில் அம்மை போட்டிருக்கிறது. வெளியாள் உள்ளே போகக்கூடாது, உள்ளே இருப்பவர் வெளியே வரக்கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, கடுகு தாளிக்கக்கூடாது. போலீஸ்காரனுக்குப் பயப்படாதவன்கூட அந்த இலைக்குப் பயப்படுவான். மறுநாளிலிருந்து அவர் வாசலில் அப்படி ஒரு அமைதி. அவரும் இருட்டின பிறகு கிளம்பி, விடியுமுன் திரும்பி, யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொண்டார். வசூலுக்கு வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். தபால்காரர் தெருவில் நின்றபடியே கடிதத்தை வீசினார். இவருக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க வந்த மாங்காட்டுக் கூட்டம் கொண்டு வந்த தட்டோடு அடுத்த பஸ்ஸைப் பிடித்தது. அவருடைய கல்யாணம் அதோடு நின்றது. அதற்காக அவர் ஒரு பொட்டுத் தூக்கத்தை இழந்ததாகத் தெரியவில்லை. தெருக்கோடியில் ஒரு அம்மாள் வெள்ளிக்கிழமை தவறாமல் ஆத்தாவுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஒரு இளநீரை அவர் வாசலில் வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் எழுந்ததும் ஆத்தா சார்பில் இவர் குடித்துவிடுவார்.

கருவாட்டால் மாட்டிக்கொண்டார். வாசலில் வேப்பிலை, உள்ளே கருவாடு வறுக்கிற வாசனை. பெண்கள் மூக்கை ஏமாற்ற முடியுமா? குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ஒரு கூட்டமே அவர் வீட்டு முன்னால் போய் நின்று, ஆத்தாளை வைத்து விளையாடுகிறாயா, கண் அவிந்து போகும் என்று கத்தியது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "தூங்கற புள்ளைய எந்தத் தாயி எழுப்புவா? அவளே யாரும் தட்டாதீங்கன்னுதான் சொல்லுவா" என்றார். இன்னும் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்தோம். பொய் இலை என்று தெரிந்த பிறகும் யாருக்கும் அதைத் தாண்டிக் கதவைத் தட்டத் துணிவு வரவில்லை என்பது வேறு விஷயம்.

ஒருத்தி மட்டும் தட்டுவாள். டீக்கடைக் கோவிந்தன் மகள் செல்வி. ஐந்து வயது. என் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அது நழுவி நழுவி முழங்கால்வரை தொங்க, தெரு முழுக்கச் சுற்றுவாள். மத்தியானம் ஆனால் நேரே வேப்பிலையார் கதவை இரண்டு கையாலும் குத்துவாள். "மாமா, முட்டாயி." அவர் "கய்தே, இன்னிக்குமா?" என்று திட்டிக்கொண்டே எழுந்து வந்து கடலை மிட்டாய் கொடுப்பார். ஊருக்கே தாழ்ப்பாள் போட்ட மனிதர் இவளுக்காக ஒரு டப்பா நிறைய வாங்கி வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

அந்தக் கோடையில் நிஜமாகவே வந்தது. பெரியம்மை. முதலில் நசரத்பேட்டைப் பக்கம் என்றார்கள், பிறகு ரோட்டோரம் என்றார்கள். சுகாதார இன்ஸ்பெக்டரும் அம்மை குத்துகிறவரும் தெருத்தெருவாக வந்தார்கள். எல்லோரும் தடுப்பூசி குத்திக்கொள்ள வேண்டும், யாருக்காவது போட்டிருந்தால் மறைக்கக்கூடாது, அந்த வீட்டுக்காரர்கள் வெளியே வரக்கூடாது, கடை வைத்திருந்தால் மூடவேண்டும். நோயாளியை வேன் வந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும். இந்த வேன்தான் ஜனங்களை நடுங்க வைத்தது. ஏறினவர்கள் திரும்ப மாட்டார்கள் என்று யாரோ சொல்ல, அதைக் கேட்ட யாரும் பிறகு தூங்கவில்லை.

கோவிந்தன் கடையில் தினமும் பட்டிமன்றம் நடந்தது. பத்துப் பேர் டீ குடிக்க வந்தால் பதினோரு கட்சி. சொல்லிவிடவேண்டும் என்பார் ஒருத்தர். சொன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவான், நீ கொடுப்பாயா உன் பிள்ளையை என்பார் இன்னொருத்தர். கடை போட்டால்தான் கஞ்சி, பதினைந்து நாள் மூடினால் யார் சோறு போடுவது என்பார் மூன்றாமவர். எதுவும் பொய்யில்லை, அதுதான் கஷ்டம். கடைசியில் கோவிந்தன் டீயை ஆற்றிக்கொண்டே தீர்ப்புச் சொல்வான். "என் ஒடம்பு, என் ஊடு. கவருமெண்டு யாரு கேக்கறதுக்கு? அவங்கவங்க ஊட்டுக்கு அவங்கவங்க பொறுப்பு." பிறந்ததிலிருந்து ஒரு ஊசிகூடப் படாத உடம்பு என்று சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டுவான். வழவழவென்றுதான் இருக்கும்.

வேப்பிலையைப் பார்த்துத்தான் அதிகாரிகள் வீட்டைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தெரிந்ததும் தெரு ஒரு முடிவுக்கு வந்தது. யாருக்குப் போட்டாலும் இலை கட்டுவதில்லை. ஆகவே அம்மை இருந்த வீட்டு வாசலெல்லாம் வெறுமனே கிடக்க, அம்மையே இல்லாத ஒரு வீட்டில் மட்டும் வேப்பங்கொத்து ஆடிக்கொண்டிருந்தது.

விளைவு என்ன? இன்ஸ்பெக்டர் வரும்போதெல்லாம் நேரே வேப்பிலையார் கதவைத்தான் தட்டினார். உள்ளேயிருந்து தூக்கக் கலக்கத்தில் ஒரு ஆள் கண் சிவந்து வந்தால் யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்? நாக்கை நீட்டச் சொன்னார்கள், சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், ஒன்றும் இல்லை என்றதும் வந்ததற்கு இருக்கட்டும் என்று குத்திவிட்டுப் போனார்கள். அடுத்த தடவை வேறு ஆள் வந்தார், அவரும் குத்தினார். அதற்கடுத்த தடவையும். குத்தினதில் ஒன்று நன்றாகப் பழுத்துக் காய்ந்து தழும்பாகிவிட்டது. கையைத் தூக்க முடியாமல் அவர் சைக்கிளை ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்துத் தெரு வயிறு வலிக்கச் சிரித்தது. அதிகாரிகள் இவரோடு மல்லுக்கட்டிக் களைத்துப் போய், மற்ற வீடுகளைப் பார்க்காமலே திரும்பிவிடுவார்கள். அதனால் தெருவுக்கு அவர் மேல் திடீரென்று பாசம். மீன் குழம்பு போனது, இட்லி போனது. இலை காய்ந்தால் புதுசு ஒடித்துக் கொடுக்கக்கூட ஆள் இருந்தது. கோவிந்தன் அவருக்கு டீ இலவசம் என்று அறிவித்தான்.

அப்புறம் ஒரு நாள் அவர் என்னிடம் வந்து, இரண்டு மூன்று நாளாக நன்றாகத் தூங்குகிறேன், மனசு சரியில்லை என்றார். எனக்குப் புரியவில்லை. "அந்தக் கய்தே வரலியேம்மா, உன் கொயந்தையெத் தூக்கினு போவ வந்துச்சா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. பாட்டி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று பத்மா சொன்னாள் என்றேன். பத்மா கோவிந்தன் பெண்டாட்டி. அவளுக்கும் ஒரு கைக்குழந்தை. கடையை ஒட்டித்தான் அவர்கள் வீடு. வேப்பிலையார் கடைக்குப் பின்பக்கம் போகும் சந்தில் நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தவர், தன் வாசலில் இருந்த வேப்பங்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் டீக்கடை வாசலில் கட்டினார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணாத்தைக்கு டீக்கடையிலும் தூக்கம் வந்துவிட்டது என்றார்கள். அவர் சிரிக்கவில்லை.

"கோவிந்தா, கடையெ மூடு. கொயந்தை உள்ளே கீது. நான் பாத்துட்டேன்."

"என் கொயந்தை, என் ஊடு. உனக்கு இன்னா வந்துச்சி?" என்றான் கோவிந்தன்.

"உன் ஊட்டுக் காத்து உன் ஊட்டுலயே நின்னா நான் ஏன் கேக்கப் போறேன்? நீ ஆத்தற டீ தெரு பூரா போவுது."

பெஞ்சில் யாரும் எழுந்திருக்கவில்லை. எத்தனையோ மாதமாகப் பொய் இலை கட்டின ஆள் இன்று கட்டுவது மட்டும் நிஜம் என்று எப்படி நம்புவார்கள்? ஒருத்தர் இன்னொரு டீ சொன்னார். வேப்பிலையார் கையைக் கூப்பிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் இலை பொய்தான், நான் அயோக்கியன்தான், இந்த ஒரு தடவை நம்புங்கள் என்று கெஞ்சினார். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. குடத்தைக் குழாயடியில் போட்டுவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்தபடி கடைக்குப் பக்கத்திலிருந்த அவர்கள் வீட்டுக் கதவுக்குப் போனேன். செல்வி எங்கே என்று பத்மாவைக் கேட்டேன். அவள் என் குழந்தையைப் பார்த்தாள். இரண்டடி பின்னால் போனாள்.

"கிட்ட வராதே. கொயந்தையெ எடுத்துக்கினு போயிடு."

அதற்குமேல் யாரும் எதையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. பெஞ்சு காலியானது. குடித்த டீயைத் துப்பினார்கள், கோவிந்தனைத் திட்டினார்கள், வேப்பிலையாரையும் சேர்த்துத் திட்டினார்கள். வேன் வந்தால் எல்லாப் பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு போகும் என்று, தகவல் சொல்லக் கிளம்பிய அவர் சைக்கிளை ஒரு கூட்டம் பிடித்துக்கொண்டது. அவர் சைக்கிளை விட்டுவிட்டுப் பூந்தமல்லி சுகாதார ஆபீசுக்கு நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் வேன் வந்தது. குழந்தையோடு ஒருத்தர் வரலாம், ஆனால் அம்மை குத்தின தழும்பு இருக்கவேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். கோவிந்தன் சட்டைக் கையைச் சுருட்டினான். இரண்டு கையிலும் ஒன்றும் இல்லை. இப்போதே குத்துங்கள், எத்தனை வேண்டுமானாலும் குத்துங்கள் என்று கையை நீட்டிக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டான். குத்துகிறோம், ஆனால் அது பலிக்க நாளாகுமே அப்பா என்றார் அவர். பத்மா கைக்குழந்தைக்காரி, அவளுக்கும் தழும்பு இல்லை. செல்வி வேப்பிலை பரப்பின துணியில் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தாள். அப்போது வேப்பிலையார் முன்னால் வந்து கையைக் காட்டினார். அந்தத் தழும்பைப் பார்த்து முந்தின வாரம்வரை நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணா, அவ இருட்டுன்னா பயப்படுவா" என்றாள் பத்மா.

"ராத்திரி முழிச்சிருக்கறதுதானேம்மா எனக்கு வேலை" என்றார் அவர்.

வேன் போன பிறகு அம்மை குத்துகிறவர் தெருவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை, யாரும் வாதாடவில்லை. முதல் ஆளாகக் கோவிந்தன் கையை நீட்டினான். ஊசி பட்டதற்கு அழுகிறான் என்று நினைத்த சின்னப் பிள்ளைகள் தாங்களும் அழுதன. அதற்கப்புறம் எங்கள் தெருவில் இன்னும் இரண்டு மூன்று பேருக்குப் போட்டது. வீட்டோடு இருந்து, இலை கட்டி, தண்ணீர் ஊற்றிக்கொண்டு பிழைத்தார்கள். கைக்குழந்தைகள் எல்லாம் தப்பின. என் குழந்தையும் தப்பியது.

செல்வி தப்பவில்லை.

ஒரு காலையில் வேப்பிலையார் மட்டும் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தார். பாதி ஆளாகியிருந்தார். விஷயம் முன்னாலேயே தெருவுக்கு வந்துவிட்டது. அவர் போய்ச் சொல்லாமல் இருந்தால் குழந்தை வீட்டிலேயே பிழைத்திருக்கும் என்று ஒரு கட்சி. முன்னாலேயே சொல்லியிருந்தால் பிழைத்திருக்கும் என்று இன்னொரு கட்சி. ஆஸ்பத்திரியில் நர்சம்மாக்கள் தங்கள் பிள்ளைபோலப் பார்த்தார்கள் என்று அவர் சொன்னதை யார் கேட்டது? கோவிந்தன் மூடின கடைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேப்பிலையார் தன் வீட்டுக்குப் போகாமல் கடை வாசலில் வந்து நின்றார். அடிப்பதென்றால் அடிக்கட்டும் என்று நின்றமாதிரி இருந்தது.

பத்மா கைக்குழந்தையோடு வெளியே வந்தாள். தெரு வாசலுக்கு வந்து நின்று பார்த்தது. அவள் கத்தவில்லை.

"தனியா கிடந்தாளாண்ணா?"

"ஒரு நிமிசம் உடலம்மா."

"என்னெக் கேட்டாளா?"

அவர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "கேட்டா. அம்மா கடையில கீது, இதோ வந்துகினே கீதுன்னு சொன்னேன். ஒவ்வொரு தபாவும் அதையேதான் சொன்னேன். பொய்யிதாம்மா சொன்னேன்."

பத்மா கைக்குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். உள்ளே போய், அத்தனை நாளாக அணைந்து கிடந்த அடுப்பைப் பற்ற வைத்தாள். டீயைக் கோவிந்தன்தான் கொண்டு வந்து கொடுத்தான். முகத்தைப் பார்க்காமல் கொடுத்தான், ஆனால் கொடுத்தான். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, அதன்மேல் சிந்தாமல் டம்ளரைத் தள்ளிப் பிடித்து, நின்றபடியே அவர் அதைக் குடித்தார்.

அவர் செய்தது சரியா என்று இன்றைக்கும் எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் வாதாடுவார்கள். வாதாடட்டும். நான் அந்தப் பேச்சுக்கே போவதில்லை. எனக்கு அந்த மனுஷனை அவ்வளவு பிடிக்கும்.